வண்டியைக் கழற்றிப் பார்த்த ஜி.டி. நாயுடு



கோவை விஞ்ஞானி ஜி.டி. நாயுடு 1893 மார்ச் 23-இல் கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் இவருக்குப் பிடிக்கவே இல்லை. (டீச்சர் மன்னிக்கவும்!) ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாம குதிரையும் இல்லாம ஓடுதே என்று ஆசை பிடித்துக்கொண்டது. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை செய்து, காசு சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், திரும்ப மாட்டினார். அப்படியே மெக்கானிக் ஆகிவிட்டார்!

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆச்சு. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். 1974 ஜனவரி 4-இல் மறைந்தார்.

இவரைப் பற்றி நான் படித்தபோது எங்க அப்பாவின் பழைய மொபெட் மக்கர் செய்துகொண்டிருந்தது. ஒரகடம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சில நாள் ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக் கடையில் மட்டும் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகும்! பிளக் மாத்தியும் சரியாகவில்லை. லேட்டாப் போனதால் அரைநாள் சம்பளம் போச்சு. ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் முன்மூடியைக் கழற்றினோம். சாவியிலிருந்து வரும் வயரில் தோல் உரிந்திருந்தது. ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் வயர் இரும்பில் படும், பிளக்கில் பொறி வராது. எங்க சந்தில் அப்படித் திருப்பித்தான் நிறுத்துவோம், கடையில் நேராக நின்றது. அவ்வளவுதான்!

டேப் சுற்றியது நான்தான். இப்போ தினமும் ஒரே உதை!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி