கணக்குக் கேட்ட பெரோஸ் காந்தி

தனி மனிதனின் பெட்டியை உடைத்தால் அவன் கூச்சலிடுவான். ஆயிரமாயிரம் ஜனங்களின் பொதுப் பணம் களவு போனால் கூச்சலிடுவார் எவருமிலர். திருப்பூரை அடுத்த மங்கலத்தில் விசைத்தறியின் முன் நிற்கும் தொழிலாளியும், பனியன் கம்பெனியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்மணியும், தமக்குப் பின் குழந்தைகள் தவிக்கலாகாதென்று ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் பிரீமியம் செலுத்துகின்றனர். அப்பணம் யார் கையில் எவ்விதம் கையாளப்படுகிறதென்று அவர்களால் கண்டறிய இயலுமா? அத்தகையோர் சார்பில் பார்லிமெண்டில் எழுந்து நின்று கணக்குக் கேட்டவர் ஸ்ரீ பெரோஸ் காந்தி. பண்டித நேருவின் மாப்பிள்ளை, ஸ்ரீமதி இந்திரா காந்தியின் கணவர் என்றே நம் ஜனங்களில் பலர் அவரை அறிவர். அவ்வளவோடு நிறுத்திக்கொள்வது அவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

1912 செப்டம்பர் 12-இல் பம்பாயில் ஒரு பார்ஸி குடும்பத்தில் பிறந்து, அலகாபாத்தில் வளர்ந்தவர் அவர். 1930-இல் கல்லூரிப் படிப்பைத் துறந்து சுதந்திரப் போரில் குதித்தார். சிறை வாசமும் அனுபவித்தார். 1942 மார்ச்சில் அவருக்கு விவாகம் நடந்தது; அவ்வாண்டின் ஆகஸ்டுப் போராட்டம் அவரை மீண்டும் சிறைக்கு அனுப்பிற்று. 1946-இல் லக்னோவில் 'நேஷனல் ஹெரால்டு' பத்திரிகையின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். அவர் செய்தி திரட்டும் நிருபரல்லர். பத்திரிகையை நடத்தும் நிர்வாகி. ஆயினும், ஆதாரமின்றி எதையும் அச்சேற்றலாகாது, ஆதாரம் கிடைத்தபின் எவருக்கும் அஞ்சலாகாது என்ற பத்திரிகைத் தொழிலின் தர்மத்தை, 1952-இல் ரேபரேலித் தொகுதியின் பிரதிநிதியாக லோக சபைக்கு வந்தபோது அவர் உடன் கொண்டு வந்தார்.

1955 டிசம்பரில் அவர் சபையில் நிகழ்த்திய பிரசங்கம் தேசத்தின் கவனத்தை ஈர்த்தது. பெரும் முதலாளியான ராமகிருஷ்ண டால்மியா, தமது ஆதிக்கத்திலிருந்த பாரத் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் பணத்தைச் சுயலாபத்திற்குத் திருப்பிக்கொண்ட விதத்தை அவர் கணக்குகளைக் கொண்டே விளக்கினார். வசை மொழி அவருக்குத் தேவைப்படவில்லை, இலக்கங்களே பேசின. அடுத்த மாதமே ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் தொழிலைச் சர்க்கார் தன்வசப்படுத்திற்று. 245 ஸ்தாபனங்கள் ஒன்றாக்கப்பட்டு, 1956 செப்டம்பர் 1-இல் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷன் உதயமாயிற்று. டால்மியா குற்றவாளியே என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 1962-இல் ஊர்ஜிதம் செய்தது. அதைக் காணப் பெரோஸ் காந்தி உயிருடனில்லை.

முதலாளியின் கையிலிருந்து சர்க்காரின் கைக்கு மாறிவிட்டால் பணம் பத்திரமாகிவிடும் என்று அவர் நம்பியிருந்தால் அத்துடன் ஓய்ந்திருப்பார். 1957-இல் அந்தக் கார்ப்பரேஷனே ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1 கோடி 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கிற்று. கான்பூரில் துணி ஆலைகள் நடத்திய பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷனும் அவற்றில் ஒன்று. முந்த்ராவின் நிலைமையோ அப்போது ஆட்டங் கண்டிருந்தது. முதலீடுகளுக்கென அமைந்த கமிட்டியைக் கலக்காமலே பேரம் முடிந்தது. டிசம்பர் 16-இல் பெரோஸ் காந்தி இதனைச் சபையில் அம்பலப்படுத்தினார். குற்றஞ்சாட்டப்பட்டது தம் சொந்தக் கட்சியின் சர்க்கார். அதன் தலைமையில் இருந்தவர் தம் மாமனார். இரண்டையும் அவர் பொருட்படுத்தவில்லை.

பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தி, 1958 பிப்ரவரியில் அறிக்கை சமர்ப்பித்தார். இலாகாக் காரியதரிசி செய்ததற்கு மந்திரியே பொறுப்பாளி என்று அவர் முடிவு கூறினார். நிதி மந்திரியாயிருந்தவர் நமது சென்னையைச் சேர்ந்த ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரி, ஆற்றல் மிக்கவர். அவர் பதவி துறந்தார். நம்மவர் என்பதற்காக நாம் நியாயத்தை மறைத்தல் தகாது. விசாரணை தொடங்கி சில வாரங்களுக்குள் உண்மை வெளிவந்தது என்பதையும், ஆண்டுக்கணக்கில் இழுபடும் விசாரணைகளைக் காணும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

எனினும், அவர் செய்த காரியங்களுள் தலைசிறந்ததென நாம் கருதுவது வேறொன்று. சபைக்குள் பேசும் அங்கத்தினர் மீது வழக்குத் தொடர முடியாது. அப்பேச்சை வெளியிடும் பத்திரிகைக்கோ அத்தகைய காப்பு இருக்கவில்லை. மானநஷ்ட வழக்குக்கு அஞ்சிப் பத்திரிகை மௌனம் சாதித்தால், பார்லிமெண்டில் வெளிப்பட்ட ஊழல் அச்சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிடும். எனவே அவர் தனி அங்கத்தினராக ஒரு மசோதாவைக் கொண்டுவந்து, 1956-இல் அதனைச் சட்டமாக்கினார். துவேஷமின்றிப் பெரும்பாலும் உண்மையாக வெளியிடப்படும் சபை நடவடிக்கைகளுக்கு அது பாதுகாப்பளித்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், அவருடைய மனைவியாரின் சர்க்கார் அச்சட்டத்தை ரத்து செய்தது விதியின் விளையாட்டேயாகும். 1977-இல் அது மீண்டும் உயிர் பெற்றது. 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம், ராஜ்ய சட்டசபைகளையும் சேர்த்து, அப்பாதுகாப்பை அரசியல் சட்டத்திலேயே 361-ஏ ஷரத்தாகப் பொறித்தது.

1960 செப்டம்பர் 8-இல், 48 வயது நிரம்ப நான்கு நாட்கள் இருக்கையில், மாரடைப்பால் டில்லியில் அவர் காலமானார். மந்திரி பதவி எதையும் அவர் வகித்ததில்லை.

சொந்தக் கட்சியின் குறையை வெளியிடுதல் துரோகம் என்பார் இன்றும் உளர். குறையை மறைத்துக் காப்பாற்றிய கட்சி எதுவும் நெடுநாள் நிலைத்ததில்லை. ஊழல் ஊழலென்று மேடைதோறும் முழங்குவதும் எளிது. பத்திரங்களைத் தேடிப் படித்து, இலக்கங்களைச் சரிபார்த்து, நிரூபிக்கக்கூடியதை மட்டும் சொல்லுதல் அரிது. அவ்வரிய வேலையைச் செய்யத் துணிபவரையே ஜனங்கள் சட்டசபைக்கு அனுப்ப வேண்டும். அவர் சொல்வதை அஞ்சாது அச்சிடுவது பத்திரிகைகளின் கடமை. பிரீமியம் கட்டும் மங்கலத்துத் தொழிலாளிக்கு நாம் பட்டுள்ள கடன் அதுவே.