உழவாரம் ஏந்திய பாவலர்

சிவன் கோயிலில் நால்வர் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் என்று வரிசையாக நிற்பார்கள். நால்வருமே பாடல்களால் பெயர் பெற்றவர்கள். அவர்களில் ஒருவர் மட்டும் நீண்ட பிடி போட்ட ஒரு கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார். புல் செதுக்கும் அந்தக் கருவியின் பெயர் உழவாரம். அதைத் தாங்கி நிற்பவர் அப்பர் என்று நாம் அழைக்கும் திருநாவுக்கரசர்.

இடைநிலைப்பள்ளியில் என்னோடு படித்த மலாய்த் தோழி ஒருத்தி, தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது சுவரில் இருந்த நால்வர் படத்தைப் பார்த்து, இவர் விவசாயியா என்று கேட்டாள். இல்லை, கவிஞர் என்றேன். கவிஞருக்கு இது எதற்கு என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. நல்ல கேள்வி. அதற்குப் பதில் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

அப்பர் வாழ்ந்தது 7-ஆம் நூற்றாண்டில். இன்றைய கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்கு அருகில் உள்ள திருவாமூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மருணீக்கியார். தந்தை புகழனார், தாய் மாதினியார். அக்காள் திலகவதியார். அக்காளுக்குத் திருமணம் பேசி முடித்திருந்த கலிப்பகையார் ஒரு படைத்தலைவர். பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து மறைந்தார்கள். போருக்குப் போன கலிப்பகையாரும் திரும்பி வரவில்லை. உயிரை விட்டுவிட நினைத்த அக்காளின் காலில் விழுந்து, தம்பி அழுதார். தம்பிக்காகவே திலகவதியார் உயிர் தாங்கினார். தம்பியை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார்.

வளர்ந்த மருணீக்கியார் செல்வம் நிலைக்காது என்று உணர்ந்து, அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். பிறகு மெய்ப்பொருளைத் தேடிச் சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு ஆசிரியராக உயர்ந்தார். அக்காள் திலகவதியாரோ திருவதிகைக் கோயிலுக்குப் போய்விட்டார். விடியும் முன்பே எழுந்து கோயிலைக் கூட்டுவார், மெழுகுவார், பூப்பறித்து மாலை தொடுப்பார். அதுவே அவருடைய வழிபாடு.

ஒரு நாள் தம்பிக்குச் சூலை நோய் வந்தது. தாங்க முடியாத வயிற்று வலி. என்ன செய்தும் தீரவில்லை. இரவோடு இரவாக அக்காளைத் தேடி வந்தார். அக்காள் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் பாடிய முதல் பதிகத்தோடு நோய் நீங்கியது என்றும், நாவுக்கரசர் என்ற பெயர் வந்தது என்றும் பெரியபுராணம் சொல்கிறது.

நோய் தீர்ந்தவர்கள் பொதுவாக என்ன செய்வார்கள்? நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நாவுக்கரசர் உழவாரத்தைக் கையில் எடுத்தார். ஊர் ஊராக நடந்தார். கோயில் முற்றத்தில் முளைத்த புல்லைச் செதுக்கினார், முள்ளை அகற்றினார், நடைபாதையைச் சரிசெய்தார். பாடவும் செய்தார். அவருடைய பாடல்களில் 3,000-க்கும் மேற்பட்டவை இன்று 4, 5, 6-ஆம் திருமுறைகளாக நம்மிடம் இருக்கின்றன. ஆனால் பாடுகிறேனே, அது போதாதா என்று அவர் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை.

அவர் சமயம் மாறியதற்காகப் பல்லவ மன்னன் தண்டித்தான். அந்த மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது மரபு. சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தது, நஞ்சு கொடுத்தது, யானையை ஏவியது, கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தது என்று சேக்கிழார் வரிசையாகச் சொல்கிறார். சேக்கிழார் எழுதியது 12-ஆம் நூற்றாண்டில், அதாவது ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்குப் பிறகு. எனவே அற்புதங்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவரவர் விருப்பம். அந்தக் காலச் சமயப் பூசலை வைத்து இன்று சமணர்மீது வெறுப்புக் கொள்ளவும் தேவையில்லை. நாலடியாரும் சீவகசிந்தாமணியும் அவர்கள் தமிழுக்குத் தந்த கொடைகள். நான் இங்கே கவனிப்பது வேறு ஒன்று. தம் முடிவுக்கு வந்த விளைவுகளை நாவுக்கரசர் தாமே ஏற்றார். வேறு யார்மீதும் பழி போடவில்லை.

அவரைவிட வயதில் மிகவும் இளையவர் சம்பந்தர். நாவுக்கரசரை அப்பர் என்று முதலில் அழைத்தவர் அவர்தான். ஒரு முறை சம்பந்தர் முத்துச் சிவிகையில் திருப்பூந்துருத்திக்கு வந்தார். எதிர்கொள்ளப் போன அப்பர், கூட்டத்தில் புகுந்து சிவிகையைச் சுமப்பவர்களில் ஒருவராகத் தோள் கொடுத்தார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்டபோது, பதில் சிவிகைக்கு அடியிலிருந்து வந்தது. சம்பந்தர் பதறிப்போய்க் கீழே இறங்கினார்.

இவர்கள் இருவரைப் பற்றிய இன்னொரு கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. திருவீழிமிழலையில் கடும் பஞ்சம். அடியார்களுக்கு உணவளிக்க, நாள்தோறும் ஆளுக்கு ஒரு பொற்காசு இறைவன் கொடுத்தார். அப்பர் மடத்தில் சமையல் சீக்கிரம் முடிந்தது. சம்பந்தர் மடத்தில் தாமதமானது. ஏன் என்று விசாரித்தால், அப்பரின் காசைக் கடைக்காரர் உடனே வாங்கிக்கொண்டார். சம்பந்தரின் காசுக்கோ வாசி, அதாவது மாற்றுக் குறைவு என்று வட்டம் கழித்துத்தான் பொருள் கொடுத்தார். இருவரும் ஞானிகள், இருவரும் பாடியவர்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு? அப்பர் கையாலும் தொண்டு செய்தவர் என்று சேக்கிழார் காரணம் சொல்கிறார். சம்பந்தரும் வருந்தி உட்கார்ந்துவிடவில்லை. வாசி நீங்கப் பதிகம் பாடினார், அவருக்கும் நல்ல காசு கிடைத்தது என்று கதை முடிகிறது.

இந்தக் கதை நம் காலத்துக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். புது மோட்டார் சைக்கிளுக்குப் பூஜை போடுகிறோம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். மறுநாளே தலைக்கவசம் இல்லாமல், சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறக்கிற நண்பர்களை ஜாசின் பட்டணத்திலேயே பார்க்கலாம். எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுக்கிறோம். அது நல்ல பழக்கம்தான், மனத்துக்குத் தைரியம் தரும். ஆனால் அந்தப் பேனாவைப் பிடித்து எழுதிப் பழக வேண்டிய வேலை நம்முடையது. நம் பங்கைச் செய்யாமல் இறைவனிடம் கேட்பது வாசி உள்ள காசு மாதிரி. கையில் இருக்கும், கடையில் குறையும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவ வந்த நம் முன்னோர்கள், லயத்துக்குப் பக்கத்திலேயே மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் படித்து மலாக்கா, ஜொகூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போனார்கள். குடும்பங்கள் தாமான்களுக்கு மாறின. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. என் தாத்தா வேலை செய்த தோட்டத்துக் கோயிலும் அப்படித்தான். திருவிழா அன்று கார் நிறுத்த இடம் கிடைக்காது. மறுநாள் காலையில் பார்த்தால், பிளாஸ்டிக் குவளைகளும் சாப்பிட்ட பொட்டலங்களும்தான் மிச்சம். அதைக் கூட்டுவது அங்கேயே தங்கிவிட்ட ஒரு பாட்டி. வெள்ளிக்கிழமைதோறும் தென்னந்துடைப்பத்தோடு வந்துவிடுவார். இரண்டு வாரம் மழை பெய்தால் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். புல் வெட்ட ஆள் வைக்கலாம், கோயிலில் பணமும் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கோயிலை இன்னும் இருபது ஆண்டுகளுக்குத் தங்களுடையது என்று நினைப்பவர்கள் யார் என்பதுதான் கேள்வி. நம் கைபட்டுச் சுத்தமான இடத்தைத்தான் நாம் நம்முடையதாக நினைப்போம்.

அப்பர் கடைசியாகத் தங்கியது திருப்புகலூரில். 81 வயது வரை வாழ்ந்தார் என்பது மரபு. அந்த வயதிலும் கோயில் முற்றத்தில் உழவாரப் பணி செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணிகளும் கிடைத்தன. அவர் அவற்றைப் புல்லோடும் பரல்கற்களோடும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தார் என்கிறது புராணம். தொண்டுக்குக் கூலி எதிர்பார்க்கவில்லை, கிடைத்தபோதும் எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரை மாதச் சதய நட்சத்திரத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். இன்றும் அந்த நாளில்தான் அப்பர் குருபூஜை நடக்கிறது.

திங்களூரில் அப்பூதியடிகள் என்று ஓர் அன்பர் இருந்தார். அப்பரை நேரில் பார்ப்பதற்கு முன்பே, அவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்து வழிப்போக்கர்களின் தாகம் தீர்த்தவர். பெரியவர் ஒருவர்மீது அன்பு வைப்பது எப்படி என்பதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

நம்மில் பலர் திருமுறைப் போட்டிகளுக்காக அப்பர் பாடல்களை மனப்பாடம் செய்திருக்கிறோம், பரிசும் வாங்கியிருக்கிறோம். இந்த விடுமுறையில் உங்கள் தாத்தா பாட்டி கும்பிட்ட தோட்டத்துக் கோயிலுக்கு நாலு நண்பர்களோடு போய்ப் பாருங்கள். பாராங் கத்தி, துடைப்பம், குப்பைப் பைகள், குடிக்கத் தண்ணீர் இவை போதும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.