சிவப்பு விமானம் தாழப் பறந்த நாள்

'ரெட் பேரன்' என்ற பேரை ஏதாவது கேம்ல பார்த்திருப்பீங்க. நிஜப் பேர் மான்ஃபிரட் வான் ரிக்டோஃபன். 1892-ல் பிறந்த ஜெர்மானியர், முதல்ல குதிரைப்படை வீரர். பதுங்குகுழிப் போரில் குதிரைக்கு வேலை இல்லாமப் போகவே விமானப்படைக்கு மாறினார். அங்கே குரு ஓஸ்வால்ட் போல்கே. எதிரி எல்லைக்குள் போனால் திரும்பும் வழியை மறக்கக் கூடாது என்பது போல்கே வகுத்த விதிகளில் ஒன்று. 1916 அக்டோபரில், சக வீரரின் விமானத்தோடு உரசி அவரே விழுந்து இறந்தார். இறுதி ஊர்வலத்தில் அவருடைய பதக்கங்களை ஏந்தி நடந்தது ரிக்டோஃபன்தான்.

மொத்தம் 80 விமானங்களை வீழ்த்தினார். (அந்த 80-லும் ஆள் இருந்தாங்கன்னு கேம் சொல்லாது.)

1918 ஏப்ரல் 21. பிரான்ஸில் சொம் நதியோரம் வில்ஃபிரட் மே என்ற புதுப் பைலட்டைத் துரத்தியவர், எதிரி எல்லைக்குள்ளேயே ரொம்பத் தாழ இறங்கிட்டார். அந்த உயரத்தில் தரையில் இருக்கும் துப்பாக்கி எல்லாம் எட்டும். அடிபட்டால் சமாளிக்க நேரமும் இருக்காது. பின்னாலிருந்து கேப்டன் ராய் பிரவுன் சுட்டார், கீழிருந்து ஆஸ்திரேலியர்கள் சுட்டார்கள். பட்டது ஒரே குண்டு. காயத்தின் கோணத்தைப் பார்த்தா தரையிலிருந்து வந்ததுன்னுதான் எனக்கும் படுது. வயது 25. மே உயிரோடு திரும்பினார்.

மறுநாள் பெர்ட்டாங்கிள்ஸ் கிராமத்தில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம். சவப்பெட்டியைத் தோளில் சுமந்த ஆறு பேரும் எதிரி ஸ்குவாட்ரன் அதிகாரிகள். அப்புறம் ஒரு பிரிட்டிஷ் விமானம் கல்லறையின் போட்டோவைக் கொண்டுபோய் ஜெர்மன் பக்கம் போட்டுவிட்டு வந்தது.