ஒரு வயலுக்கு ஆயுளை ஈந்தவர்

விளைவு முன்னையினுங் கூடிற்றா, குறைந்ததா என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எளிதெனத் தோன்றும். ஆயின், மழை மிகுந்தது ஓராண்டு, வறண்டது ஓராண்டு, களை மலிந்தது மற்றோராண்டு எனக் காலம் மாறி மாறி வருங்கால், குறைவு மண்ணால் நேர்ந்ததா வானத்தால் நேர்ந்ததா எனப் பிரித்தறிதல் அரிது. ஒரே வயலைப் பல்லாண்டு ஒரே முறையில் விதைத்து, அறுத்து, நிறுத்து, எழுதி வைத்தாலன்றி அவ்வுண்மை புலப்படாது. அப்பணியைத் தொடங்கி வைத்த பெருமகனார் இங்கிலாந்து தேசத்துச் சேர் யோன் பெனற் லோஸ் ஆவர்.

இவர் 1814ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 28ஆந் திகதி, இலண்டன் மாநகருக்கு வடக்கேயுள்ள றொதம்ஸ்ரெட் என்னும் பரம்பரை ஆதனத்திற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஈற்றன் கல்லூரியிலும் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிலும் பயின்றாராயினும் பட்டம் பெறாமலே மீண்டு, 1834ஆம் ஆண்டளவில் ஆதனத்தைப் பொறுப்பேற்றார். இரசாயனத்தில் அவருக்கிருந்த வேட்கை பெரிது. மாளிகையின் படுக்கையறையொன்றே அவருக்கு ஆய்வுகூடமாயிற்று.

அக்காலத்துக் கமக்காரர் எலும்புத் தூளைப் பசளையாக இட்டனர். அது ஒரு நிலத்திற் பெரும்பயன் தந்தது. அடுத்த நிலத்தில் யாதும் பயன்தரவில்லை. இதன் காரணத்தை ஆராய்ந்த லோஸ், எலும்பையும் பொசுபேற்றுக் கனியங்களையும் கந்தகவமிலத்தாற் பதப்படுத்தின், பயிர் எளிதில் உறிஞ்சத்தக்க பசளை கிடைத்தல் கண்டார். 1842இல் அதற்கு அரசாங்க உரிமைப்பத்திரம் பெற்றார். 1843இல் தேம்சு நதிக்கரையிலே தெற்போட் என்னுமிடத்திற் தொழிற்சாலை நிறுவினார். செல்வம் பெருகிற்று.

அவ்வாண்டிலேயே இரசாயன அறிஞர் யோசேப்பு என்றி கில்பேட்டைத் துணைவராகச் சேர்த்துக்கொண்டார். இருவரும் புறோட்போக் என்னும் வயலை நீண்ட கீற்றுக்களாகப் பகுத்து, அம்மாரிக்கு முன்னரே கோதுமை விதைத்தனர். ஒரு கீற்றுக்கு எவ்வெருவுமில்லை. ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு 14 தொன் தொழுவெரு. வேறு சிலவற்றுக்குக் கனியவுப்புக்கள் மட்டும். பின்னுஞ் சிலவற்றுக்கு அவற்றோடு அமோனிய உப்புக்கள். தானியமும் வைக்கோலும் வெவ்வேறாக நிறுக்கப்பட்டன.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. லோஸ் பொசுபேற்றுப் பசளை விற்பவர். அவ்வயலோ, பொசுபேற்று முதலிய கனியங்களை மட்டும் இட்ட கீற்று எருவிடாத கீற்றினும் சிறிதே மிகுதியாக விளைந்ததென்றும், கோதுமைக்குப் பெரிதும் வேண்டப்படுவது நைதரசனே என்றுங் காட்டிற்று. தம் வாணிகத்துக்கு ஒவ்வாததென அதனை அவர் மறைத்தாரல்லர், வெளியிட்டார். பயிருக்கு வேண்டிய நைதரசனை வளி மண்டலமே தருமெனக் கருதிய ஜேர்மானியப் பேரறிஞர் லீபிக்கோடு இதனால் நெடுங்கால வாதம் மூண்டது. கில்பேட்டு அந்த லீபிக்கிடமே பயின்றவர் என்பது அறியத்தக்கது.

எருவிடாத கீற்றின் விளைவு அரை நூற்றாண்டுச் சராசரியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 13 புசல். தொழுவெருக் கீற்றினது ஏறக்குறைய 35 புசல். ஆயின் சராசரி மட்டும் உண்மையை முற்ற உரையாது. 1863ஆம் ஆண்டு எல்லாக் கீற்றுக்களும் செழித்தன. ஓயா மழை பெய்த 1879இல் எல்லாம் நலிந்தன. எருவின் மாற்றமின்றியே விளைவு மாறியமையால், அம்மாற்றம் வானத்தின் செயலென்பது தெளிவாயிற்று. எருவிடாத அந்த ஏழைக் கீற்றே ஏனையவற்றுக்கு அளவுகோலாய் நின்றது. பொருளீட்டுவோன் கண்ணுக்கு அது வீண் நிலம். உண்மை தேடுவோனுக்கோ அதுவே வயலின் உயிர்நிலை.

1872இல் லோஸ் பசளைத் தொழிலை விற்றார். 1882இல் பரோணற் பட்டம் பெற்றார். தமக்குப்பின் ஆராய்ச்சி அறுபடுமோ என அஞ்சி, 1889இல் 100,000 பவுணை அதற்கென அறநிதியாக்கினார். 1900ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 31ஆந் திகதி, 85ஆம் வயதில் மறைந்தார். ஐம்பத்தேழாண்டு உடனுழைத்த கில்பேட்டும் மறுவருடம் அவரைத் தொடர்ந்தார்.

அவர் விட்டுச்சென்ற எண்கள் உறங்கவில்லை. 1919இல் றொதம்ஸ்ரெட் வந்த கணிதமேதை றொனால்ட் பிசர் அவ்வேடுகளை ஆராய்ந்தார். ஆண்டுக்காண்டு நிகழும் ஏற்றத்தாழ்வு, மண் வளங்குன்றலால் வருந் தொடர்ச்சியான தேய்வு, பல்லாண்டு நீளும் மெல்லிய அசைவு என மூன்றாக விளைவின் மாற்றத்தைப் பிரித்து, 1921இல் வெளியிட்டார். மூன்றாவதன் காரணம் களையாகலாம் என அவர் கருதினார். புள்ளிவிபரவியலின் புதிய முறைகள் பல இவ்வயலேடுகளை ஆராய்ந்த அப்பணியோடு வளர்ந்தன.

1968இல் குட்டைத்தாட் கோதுமை வந்தபின், நன்கு எருவிட்ட கீற்றுக்களின் விளைவு பெரிதும் உயர்ந்தது. எருவிடாத கீற்றோ அவ்வளவு உயரவில்லை. நல்ல விதையும் ஊட்டமின்றித் தன் ஆற்றலைக் காட்டாதென்னும் உண்மையை அது உரைத்தது. லோஸ் அப்பயிரைக் கண்டாரல்லர். அதனை அளக்கும் கோலை மட்டும் நாட்டிச் சென்றார். இன்றும் அவ்வயலிற் கோதுமை விதைக்கப்படுகின்றது. இன்றும் அது நிறுக்கப்படுகின்றது.