வாய்க்கால் காவலர் டூ சீஃப் இன்ஜினியர்: லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்த முல்ஹாலண்ட் வீழ்ந்தது எப்படி?

'முல்ஹாலண்ட் டிரைவ்' என்ற ஹாலிவுட் படத்தைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அது லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஒரு மலைச் சாலையின் பெயர். அந்தச் சாலைக்குப் பெயர் தந்தவர் நடிகரோ அரசியல்வாதியோ இல்லை. அந்த ஊரின் குடிநீர்த் துறையை நடத்திய இன்ஜினியர் வில்லியம் முல்ஹாலண்ட்.

யார் இவர்?

1855-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கப்பல் வேலைக்குப் போய், 1877-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார். அப்போது அது சுமார் 10 ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். அங்கே ஒரு தனியார் தண்ணீர் கம்பெனியில் கிடைத்த வேலை, வாய்க்காலில் குப்பை, செடிகொடி அகற்றுவது. காலேஜ் பக்கமே போகாதவர், ராத்திரியில் புத்தகங்களைப் படித்தே பொறியியல் கற்றுக்கொண்டார். 1886-ல் அதே கம்பெனிக்கு சூப்பரின்டெண்டென்ட். 1902-ல் நகர நிர்வாகம் கம்பெனியை வாங்கியபோது இவரையும் சேர்த்தே வைத்துக்கொண்டது.

375 கி.மீ. தாண்டி வந்த தண்ணீர்

ஊர் வேகமாக வளர்ந்தது, உள்ளூர் ஆறு போதவில்லை. முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் 1904-ல் முல்ஹாலண்டை ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அங்கிருந்து ஒரு பம்ப் கூட இல்லாமல், சரிவை மட்டுமே நம்பி 375 கி.மீ. நீளக் கால்வாயை 1913-ல் முடித்தார் முல்ஹாலண்ட். திறப்பு விழாவில் அவர் பேசியது சில வார்த்தைகள்தான்.

ஆனா இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஓவன்ஸ் விவசாயிகளின் நிலமும் நீர் உரிமையும் கைமாறின, அங்கிருந்த ஏரி 1920-களில் வறண்டது. கோபமடைந்தவர்கள் 1924-ல் கால்வாய்க்கு டைனமைட் வைத்தார்கள்.

பக்கத்து ஊர்களுக்கோ வேறு நெருக்கடி. ஓவன்ஸ் தண்ணீர் வேணும்னா லாஸ் ஏஞ்சல்ஸோடு இணைய வேண்டும். சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் பெரும்பகுதி 1915-ல் அப்படித்தான் இணைந்தது. தண்ணீரைக் காட்டியே நகரம் எல்லையை விரித்தது என்று சொன்னால் தப்பில்லை.

தனியா முடியாது

1910-ல் சுமார் 3.19 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1920-ல் 5.76 லட்சம் ஆனது. ஓவன்ஸ் தண்ணீரும் பத்தாது என்பது முல்ஹாலண்டுக்குப் புரிந்தது. 1923-ல் கொலராடோ ஆற்றுக்கே நேரில் போய் ஆய்வைத் தொடங்கினார். இந்த முறை நடுவில் பாலைவனமும் மலைகளும். தண்ணீரை 1,600 அடிக்கு மேல் பம்ப் செய்து ஏற்றணும், அதற்கு மின்சாரம் வேணும், மின்சாரத்துக்கு ஆற்றின் குறுக்கே பெரிய அணை வேணும். பின்னாளில் வந்த ஹூவர் அணைதான் அது.

ஒரே நகரம் தாங்கக்கூடிய செலவு இல்லை. அதனால் பல நகரங்கள் சேர்ந்து ஒரே அமைப்பாக வரி போட்டுத் தண்ணீர் கொண்டுவரும் யோசனை வலுத்தது. 1927-ல் கலிஃபோர்னியா அதற்குச் சட்டம் இயற்றியது. இதில் எந்த ஊரும் லாஸ் ஏஞ்சல்ஸில் கரைய வேண்டியதில்லை. ஒவ்வொரு நகரத்துக்கும் போர்டில் இடம் உண்டு. சொத்து மதிப்புப்படி ஓட்டு, ஆனா எவ்வளவு பெரிய நகரமா இருந்தாலும் பாதிக்கு மேல் ஓட்டு கிடையாது. சின்ன ஊர்களின் பயத்துக்கு இதுதான் மருந்து.

அந்த ஒரு இரவு

1928 மார்ச் 12. முல்ஹாலண்ட் கட்டிய செயின்ட் ஃபிரான்சிஸ் அணையில் கலங்கலான நீர் கசிகிறது என்று அணைக் காவலர் தகவல் சொன்னார். முல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்தார். ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அன்று நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன் அணை உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த 400-க்கும் மேற்பட்டோர் பலி. காவலரும் அவரது சின்னப் பையனும் அதில் அடக்கம்.

அடியில் இருந்த பாறையின் பலவீனம் சரியாகக் கணிக்கப்படவில்லை. போதாக்குறைக்கு, கட்டும்போதே அணையின் உயரம் 20 அடி கூட்டப்பட்டிருந்தது. வெளியிலிருந்து யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. விசாரணையில் முல்ஹாலண்ட் யார் மீதும் பழி போடாமல் பொறுப்பைத் தானே ஏற்றார். இவ்வளவு பெரிய கட்டுமானத்தை ஒரே மனிதரின் முடிவுக்கு விட்டுவிடக் கூடாது என்றது ஜூரி. கிரிமினல் வழக்கு இல்லை. ஆனாலும் பதவியிலிருந்து விலகினார்.

அதே 1928 டிசம்பரில்தான் நகரங்களின் கூட்டமைப்பான மெட்ரோபாலிடன் வாட்டர் டிஸ்ட்ரிக்ட் உருவானது. 1931-ல் 22 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தந்தார்கள். அது பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம்! வேலையை முன்னின்று நடத்தியவர் வேறொரு இன்ஜினியர், ஃபிராங்க் வேமவுத்.

ஒதுங்கி வாழ்ந்த முல்ஹாலண்ட் 1935 ஜூலையில், 79 வயதில் இறந்தார். கொலராடோ தண்ணீர் 1941-ல் வந்து சேர்ந்தது. முதலில் அது போனது லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இல்லை, பக்கத்து ஊரான பசடேனாவுக்கு.