நீர்த்துளியில் ஓர் உலகம்

நுழையுமுன்

மரமும் மானும் மனிதரும் செல்களால் ஆனவை. ஒரே செல்லால் ஆன உயிர்களும் உள்ளன. அவை நீரிலும் மண்ணிலும் நம் வாயிலும் வாழ்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிர்களைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். பல மொழிகளைக் கற்றவரும் அல்லர். தம் தாய்மொழி ஒன்றை மட்டுமே அறிந்த துணி வணிகர் அவர். அவர் கண்டதை அறிஞர் உலகம் எவ்வாறு ஏற்றது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இளமை

ஆண்டன் வான் லீவன்ஹூக் 1632ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். வாய்க்கால்களும் பாலங்களும் நிறைந்த அந்நகரில் அவருடைய தந்தை கூடை முடையும் தொழில் செய்துவந்தார். ஆண்டன் ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார்.

16ஆம் வயதில் ஆண்டன் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கு ஒரு துணி வணிகரிடம் தொழில் பழகினார். 1654இல் சொந்த ஊருக்குத் திரும்பித் திருமணம் செய்துகொண்டார். சிறிய துணிக்கடை ஒன்றையும் திறந்தார். அவருக்குப் பிறந்த குழந்தைகள் ஐவர். அவர்களுள் மரியா என்னும் மகள் மட்டுமே உயிருடன் வளர்ந்தாள். 1666இல் மனைவியும் மறைந்தார். இத்துயரங்களுக்கு இடையிலும் அவர் தம் கடமைகளில் தளரவில்லை. நகர மன்றத்தில் ஒரு சிறு பணியை ஏற்றார். நில அளவையாளராகவும் தகுதி பெற்றார்.

துணிக்கடையும் லென்சும்

அக்காலத் துணி வணிகர்கள் நெசவின் தரத்தை அறிய லென்சைப் பயன்படுத்தினர். ஓர் அங்குலத்தில் எத்தனை இழைகள் உள்ளன என்று லென்சின் வழியே எண்ணிப் பார்ப்பர். இழை நெருக்கமாக இருந்தால் துணி உயர்ந்தது; விலகி இருந்தால் தாழ்ந்தது. லீவன்ஹூக்கின் கண்ணும் கையும் இவ்வாறே நுட்பமான பொருள்களைப் பார்க்கப் பழகின.

பிறகு அவர் தாமே லென்சுகளைச் செய்யத் தொடங்கினார். கடுகளவே உள்ள சிறிய லென்சை இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே பொருத்தினார். பார்க்க வேண்டிய பொருளை ஓர் ஊசி முனையில் வைத்தார். திருகுகளைத் திருப்பி, அப்பொருளை லென்சுக்கு அருகில் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும் இக்கருவியைக் கண்ணருகில் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். இதுவே அவருடைய நுண்ணோக்கி. இன்று எஞ்சியுள்ளவற்றுள் ஒன்று பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அக்காலத்தில் பல லென்சுகளைக் கொண்டு செய்யப்பட்ட பெரிய நுண்ணோக்கிகளாலும் இவ்வளவு தெளிவாகக் காட்ட இயலவில்லை.

தாய்மொழியில் எழுதிய மடல்கள்

இலண்டன் மாநகரில் இராயல் கழகம் என்னும் அறிவியல் அமைப்பு இயங்கிவந்தது. அக்கழகத்தைச் சேர்ந்த இராபர்ட் ஹூக் 1665ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டார். தக்கையின் மெல்லிய சீவலில் தாம் கண்ட சிறுசிறு அறைகளுக்குச் செல் என்று அந்நூலில் பெயரிட்டார். ஆனால் அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகள். உயிருள்ள செல்லின் அசைவை உலகம் இன்னும் காணவில்லை.

1673இல் டெல்ஃப்ட் நகர மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப், லீவன்ஹூக்கைப் பற்றி இராயல் கழகத்துக்கு எழுதினார். கழகமும் அவருடைய மடல்களை வரவேற்றது. எனினும் ஓர் இடர் இருந்தது. அறிஞர்கள் அன்று இலத்தீன் மொழியில் எழுதினர். லீவன்ஹூக் அறிந்ததோ டச்சு மொழி ஒன்றே. அதனால் அவர் எழுதாமல் இருந்துவிடவில்லை. தாம் கண்டதைத் தம் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசிய மொழியிலேயே எழுதினார். கழகத்தின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் அம்மடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். ஏறத்தாழ 50 ஆண்டுகள் லீவன்ஹூக் மடல்கள் எழுதினார். அவற்றில் அலங்காரம் இல்லை. கண்டது மட்டுமே இருந்தது. தாம் கண்டது எது, தாம் எண்ணியது எது என்பதை அவர் பிரித்துக் கூற முயன்றார்.

ஏரி நீரும் மிளகு நீரும்

டெல்ஃப்ட் நகருக்கு அருகில் ஓர் ஏரி இருந்தது. கோடைக்காலத்தில் அதன் நீர் பசுமையாகக் கலங்கும். பனி பெய்வதே அதற்குக் காரணம் என்று ஊரார் நம்பினர். 1674இல் லீவன்ஹூக் அந்நீரைச் சிறிது எடுத்துவந்து மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தார். திருகிய பச்சை இழைகள் தெரிந்தன. அவற்றினிடையே மிகச் சிறிய உயிர்கள் விரைந்து நீந்தின, சுழன்றன, திரும்பின. அதுவரை எந்த நூலும் கூறாத உயிர்கள் அவை.

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்பதையும் அறிய அவர் விரும்பினார். மிளகு அன்று மலபார்க் கரையிலிருந்தும் கிழக்குத் தீவுகளிலிருந்தும் கப்பலேறி ஐரோப்பா சென்றது. அவர் மிளகை நீரில் ஊறவைத்தார். சில வாரங்களுக்குப் பின் 1676ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நீரைப் பார்த்தபோது வியப்புற்றார். மிளகின் காரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் அந்நீர் முழுவதும் உயிர்கள் மொய்த்திருந்தன. அவற்றுள் சில, ஏரி நீரில் கண்டவற்றைவிட மிகச் சிறியவை. இன்று நாம் பாக்டீரியா என்று கூறும் உயிர்கள் அவை.

ஐயமும் சான்றும்

1676ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் அவர் இவற்றையெல்லாம் விளக்கி நீண்ட மடல் ஒன்றை எழுதினார். ஒரு துளி நீரில் ஆயிரக்கணக்கான உயிர்கள் உள்ளன என்னும் செய்தி இலண்டனில் பலருக்கு நம்பத் தகாததாகத் தோன்றியது. கல்வி இல்லாத கடைக்காரர் ஒருவர், அறிஞர் எவரும் காணாததைக் காண்பது எவ்வாறு என்னும் ஐயம் எழுந்தது. கழகத்தார் தாமே சோதிக்க முயன்றனர். முதல் முயற்சிகளில் எவ்வுயிரும் தென்படவில்லை.

லீவன்ஹூக்கின் நற்பெயர் இப்போது ஒரு துளி நீரில் நின்றது. அவர் சினம் கொள்ளவில்லை. தாம் எழுதியதை மாற்றவும் இல்லை. தம் ஊரின் சமயப் போதகர்கள் உட்பட எண்மரை அழைத்து, நுண்ணோக்கி வழியே பார்க்கச் செய்தார். அவர்கள் தம் கண்ணால் கண்டதை எழுதிக் கையொப்பமிட்டனர். அச்சான்றுகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன.

இராபர்ட் ஹூக்கும் முயற்சியைக் கைவிடவில்லை. மிளகை நீரில் ஊறவைத்து, மேலும் வலிமையான லென்சைச் செய்தார். 1677ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் கழகத்தார் முன்னிலையில் அந்நீரைக் காட்டினார். இம்முறை உயிர்கள் நீந்துவதை அங்கிருந்தோர் கண்டனர். ஐயம் நீங்கியது. 1680இல் லீவன்ஹூக் இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் அக்கழகத்தின் கூட்டம் எதற்கும் அவர் சென்றதில்லை. தம் வீட்டு மேசையே அவருடைய ஆய்வுக்கூடமாக இருந்தது.

குருதியும் பல்லும்

கையில் கிடைத்த எதையும் அவர் ஆராயாமல் விட்டதில்லை. குருதியில் மிதக்கும் சிவப்பணுக்களை 1674இலேயே தெளிவாக விவரித்தார். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறுகளாக்கினால், அவற்றுள் ஏழெட்டுக் கூறுகளின் அளவே உடையது ஒரு சிவப்பணு. நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் கொண்டுசெல்வது அதன் பணி. அப்பணி லீவன்ஹூக்கின் காலத்தில் எவருக்கும் தெரியாது. ஆயினும் 1688இல், தலைப்பிரட்டையின் வாலில் மயிரினும் மெல்லிய குழாய்களின் வழியே குருதி ஓடுவதை அவர் கண்டார். அத்தகைய குழாய்களை இத்தாலியின் மால்பிஜி முன்னரே தவளையின் நுரையீரலில் கண்டிருந்தார். 1698இல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் டெல்ஃப்டுக்கு வந்தபோது, விலாங்கு மீனின் வாலில் குருதி ஓடும் காட்சியை லீவன்ஹூக் அவருக்குக் காட்டினார்.

1683இல் தம் பல்லில் படிந்த வெண்ணிறப் பொருளை எடுத்துப் பார்த்தார். நாள்தோறும் உப்பினால் பல் துலக்கும் பழக்கம் உடையவர் அவர். அவ்வாறிருந்தும் அதில் எண்ணற்ற உயிர்கள் அசைந்தன. ஒருபோதும் பல் துலக்காத முதியவர் ஒருவரின் வாயில் அவை இன்னும் மிகுதியாக இருந்தன.

தானியத்திலிருந்து வண்டு தானே தோன்றுகிறது என்று அந்நாளில் பலர் நம்பினர். லீவன்ஹூக் வண்டுகளை வளர்த்து, அவை முட்டையிலிருந்தே பிறக்கின்றன என்று காட்டினார். உயிர் என்பது உயிரிலிருந்தே தோன்றும் என்பது அவர் கருத்து.

மறைத்து வைத்த கலை

லீவன்ஹூக்கிடம் ஒரு குறையும் இருந்தது. தாம் கண்டவற்றை மறைக்காத அவர், கண்ட வழியை மறைத்தார். தம் மிகச் சிறந்த லென்சுகளைச் செய்யும் முறையையும் பார்க்கும் முறையையும் பிறருக்குக் கற்பிக்கவில்லை. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட லென்சுகளைச் செய்த அவருக்கு மாணவர் எவரும் இல்லை. அதனால் அவருக்குப் பின் நெடுங்காலம் பாக்டீரியா பற்றிய ஆய்வு பெரிதும் முன்னேறவில்லை. நல்ல நுண்ணோக்கிகள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில்தான் அப்பணி மீண்டும் வேகம் பெற்றது.

1831இல் இராபர்ட் பிரௌன் தாவரச் செல்களில் ஒரு சிறு உருண்டையைக் கண்டு அதற்கு உட்கரு என்னும் பொருளுடைய பெயரைச் சூட்டினார். 1838, 1839 ஆகிய ஆண்டுகளில் ஷ்லைடனும் ஷ்வானும் தாவரங்களும் விலங்குகளும் செல்களால் ஆனவை என்று நிறுவினர். செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. எது உள்ளே வரலாம், எது வெளியே செல்லலாம் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. உள்ளே கூழ் போன்ற சைட்டோபிளாசம் நிறைந்துள்ளது. தாவர, விலங்குச் செல்களின் பணிகளை உட்கரு நெறிப்படுத்துகிறது. பாக்டீரியாவில் தெளிவான உட்கரு இல்லை. ஆயினும் உணவு கொள்ளுதல், வளர்தல், பெருகுதல் ஆகிய அனைத்தையும் அந்த ஒற்றைச் செல்லே செய்கிறது. மிளகு நீரில் லீவன்ஹூக் கண்டது இத்தகைய முழுமையான வாழ்க்கையையே.

இறுதி நாள்கள்

முதுமை அவருடைய ஆர்வத்தைக் குறைக்கவில்லை. இறுதி நோயின்போதும் தம் உடலில் தோன்றிய துடிப்பை உற்றறிந்து, அதைப் பற்றி இலண்டனுக்கு எழுதினார். 1723ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள், தம் 90ஆம் வயதில் டெல்ஃப்டிலேயே காலமானார். அவர் விருப்பப்படி 26 வெள்ளி நுண்ணோக்கிகள் அடங்கிய பெட்டி ஒன்றை மகள் மரியா இராயல் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். பிற்காலத்தில் அவை தொலைந்துபோயின. மடல்கள் மட்டும் நிலைத்தன. டச்சு மொழியில் அவர் எழுதிய அவ்வரிகளை இன்றும் உலகின் பல மொழியினரும் பெயர்த்துப் படிக்கின்றனர்.

சொல்லும் பொருளும்

முடைதல் – பின்னுதல்
நுண்ணோக்கி – சிறு பொருளைப் பெரிதாகக் காட்டும் கருவி
மடல் – கடிதம்
இடர் – தடை, துன்பம்
எண்மர் – எட்டுப் பேர்
குருதி – இரத்தம்
தலைப்பிரட்டை – தவளையின் இளம் பருவம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. லீவன்ஹூக் பிறந்த நகரம் ________.
2. செல் என்னும் பெயரைச் சூட்டியவர் ________.
3. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய உறை ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. துணி வணிகர்கள் லென்சை எதற்காகப் பயன்படுத்தினர்?
2. ஏரி நீர் பசுமையாவதற்கு ஊரார் கூறிய காரணம் யாது?
3. இராயல் கழகத்தாரின் ஐயத்தைப் போக்க லீவன்ஹூக் என்ன செய்தார்?

இ. சிந்தித்து எழுதுக.
லென்சு செய்யும் முறையை லீவன்ஹூக் பிறருக்குக் கற்பித்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?

ஈ. செய்து பார்க்க.
ஓர் இலையையோ பூவையோ லென்சின் வழியே பார்க்க. கண்டதை மட்டும் ஐந்து தொடர்களில் தமிழில் எழுதுக. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுக.