டக்ளஸ் ஹைட்

டக்ளஸ் ஹைட் (ஜனவரி 17, 1860 – ஜூலை 12, 1949) அயர்லாந்தைச் சேர்ந்த மொழி அறிஞர், கவிஞர், நாடக ஆசிரியர் ஆவார். ஐரிஷ் மொழி மீட்பு இயக்கமான கேலிக் லீக்கின் முதல் தலைவராக 1893 முதல் 1915 வரை பணியாற்றினார். 1938 இல் அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். மொழி எல்லாச் சமயத்தாருக்கும் எல்லாக் கட்சியினருக்கும் பொதுவானது என்பது இவரது கொள்கை. தாம் வளர்த்த இயக்கத்திலிருந்தே இவர் விலக நேர்ந்ததும் அக்கொள்கையினாலேயே ஆகும்.

இளமை

ஹைட் ராஸ்கோமன் மாவட்டத்தின் காசல்ரே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஹைட் புராட்டஸ்தாந்து சமயக் குரு. 1867 இல் குடும்பம் பிரெஞ்ச்பார்க் என்னும் ஊரில் குடியேறியது. 1840களின் பெரும் பஞ்சத்தில் ஐரிஷ் பேசிய ஏழை மக்கள் பெருந்தொகையினர் மாண்டும் புலம்பெயர்ந்தும் போனமையால், அம்மொழி முதியோரின் மொழியாகச் சுருங்கி வந்த காலம் அது. குருவின் வீட்டில் ஆங்கிலமே வழங்கியது. ஹைட் ஐரிஷ் மொழியைப் பள்ளியில் கற்கவில்லை. சீமஸ் ஹார்ட் என்ற வேட்டைநிலக் காவலரிடமும் ஊர் முதியோரிடமும் கேட்டே கற்றார். எழுத்துமுறை அறியாத நிலையில், காதில் விழுந்த ஒலிப்படியே அம்மொழியில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். பின்னர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இறையியலும் சட்டமும் பயின்றார்.

மொழிப் பணி

1892 நவம்பரில் டப்ளினில், அயர்லாந்து ஆங்கிலமயமாவதைத் தடுக்க வேண்டியதன் தேவை பற்றி இவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. அடுத்த ஆண்டு ஜூலை 31 அன்று ஓயன் மக்நீல் முதலியோருடன் இணைந்து கேலிக் லீக்கைத் தொடங்கினார். அதே ஆண்டு வெளியான கானாக்டின் காதற்பாடல்கள் என்ற நாட்டார் பாடல் தொகுப்பில் இவர் தந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, நாட்டுப்புறப் பேச்சின் நடையைத் தழுவியது. யேட்சும் சிங்கும் அந்நடையால் ஈர்க்கப்பட்டனர். கயிறு திரித்தல் பற்றிய இவரது ஐரிஷ் நாடகம் 1901 இல் டப்ளின் கெயிட்டி அரங்கில் நடிக்கப்பட்டபோது, முதன்மைப் பாத்திரத்தை இவரே ஏற்றார்.

1909 முதல் 1932 வரை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஐரிஷ் மொழிப் பேராசிரியராக இருந்தார். 1913 முதல் தேசியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஐரிஷ் கட்டாயப் பாடமாயிற்று. இது லீக்கின் பெரும் வெற்றி எனலாம்.

விலகல்

லீக் அரசியல் சார்பற்றது என்பதால் கத்தோலிக்கரும் புராட்டஸ்தாந்தினரும் அதில் ஒன்றாகச் சேர முடிந்தது. ஆனால் அதன் வகுப்புகளில் வளர்ந்த இளைஞர் பலர் மொழியிலிருந்து விடுதலைப் போராட்டத்திற்குச் சென்றனர். 1915 இல் டண்டாக் மாநாட்டில், சுதந்திர அயர்லாந்து என்னும் நோக்கம் லீக்கின் குறிக்கோள்களில் சேர்க்கப்பட்டது. ஹைட் தலைமைப் பதவியைத் துறந்தார். மறு ஆண்டின் ஈஸ்டர் எழுச்சியை முன்னின்று நடத்திய பேட்ரிக் பியர்ஸ், லீக்கின் இதழாசிரியராக இருந்தவரே.

குடியரசுத் தலைவர்

1937 அரசியலமைப்பின்படி உருவான இப்பதவிக்கு எல்லாக் கட்சிகளும் உடன்பட்டமையால் ஹைட் போட்டியின்றித் தெரிவானார். (நாடு முறைப்படி குடியரசானது 1949 இல் தான்.) 1938 நவம்பரில் போலந்துடன் நடந்த கால்பந்துப் போட்டியைக் காணச் சென்றதற்காக, அந்நிய ஆட்டங்களை விலக்கிவைத்திருந்த கேலிக் தடகளச் சங்கம் இவரைப் புரவலர் பதவியிலிருந்து நீக்கியது. ஐரிஷ் மொழிக்கு வாழ்வளித்தவருக்கு இது விந்தையான தண்டனையே. 1940 இல் பக்கவாதம் தாக்கியபின் சக்கர நாற்காலியிலிருந்தபடியே பணியாற்றி, 1945 இல் ஓய்வு பெற்றார்.

மறைவு

ஹைட் 1949 இல் டப்ளினில் காலமானார். புனித பேட்ரிக் பேராலயத்தில் புராட்டஸ்தாந்து முறைப்படி இறுதி வழிபாடு நடைபெற்றது. வேற்றுச் சபை வழிபாடுகளில் கலந்துகொள்ளக் கத்தோலிக்கருக்குத் தடை இருந்தமையால், பிரதமர் காஸ்டெல்லோவும் அவரது கத்தோலிக்க அமைச்சர்களும் வெளியே கார்களில் காத்திருந்தனர். அமைச்சர் நோயல் பிரவுன் மட்டும் உள்ளே சென்றார். ஹைட்டின் உடல் பிரெஞ்ச்பார்க் அருகே, தந்தை பணியாற்றிய ஆலயத்தின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.